நெற்றியில் பட்ட விரல்

மருதமுனை
ஹிஜ்ரி 1446, ஷஃபான் மாதம்
2025 பெப்ரவரி 4, செவ்வாய்

வானையும் மண்ணையும் ஒரு சொல்லால் ஆக்கியவனும், சொல் வராத நாவின் பின்னாலிருக்கும் எண்ணத்தையும் அறிந்தவனுமாகிய அல்லாஹ்வைப் புகழ்ந்து தொடங்குகிறேன்.

பேசாத நெஞ்சின் பொருளறிவாய் பேரருளே
ஆசை அறிந்தே அருள்.

பாண்டிருப்பு, பூங்குருவி பாலர் பாடசாலை ஆசிரியை திருமதி சுலோஜனா அவர்களுக்கு, முகைதீன்பாவா ஆலிம் எழுதுவது.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம்; என் காது அதற்கு உதவுவதில்லை. நேரில் வந்திருக்கலாம், வந்தால் என் நாவு வரம்பு கடக்கும் என்று அஞ்சினேன். ஆகவே எழுதுகிறேன். உங்கள் பாடசாலைக்கு நப்லாவை ஏற்றி வந்த சீனிமுகம்மதுவே இதையும் தம் ஆட்டோவில் கொண்டுவந்து தருவார்.

நப்லா என் மகள் றிஸ்மியாவின் ஒரே குழந்தை. வரும் ஹஜ்ஜுப் பெருநாளோடு அவளுக்கு மூன்று வயது நிரம்பும். இன்றளவும் ஒரு சொல் பேசியதில்லை. ஒரு பொருளைச் சுட்டிக் காட்டிக் கேட்டதுமில்லை. செவியில் குறையில்லை என்றும், பிள்ளைகளுக்குள் பிள்ளையாக விடும்படியும் வைத்தியர் சொன்னார். எங்கள் ஊரில் கேட்ட பாலர் பாடசாலையில், வாய் திறந்த பிறகு கொண்டுவாருங்கள் என்றார்கள். நீங்கள் ஒருவர்தான் கேள்வியின்றி ஏற்றீர்கள். அந்த நன்றியை மறந்து நான் எழுத அமரவில்லை.

ஆயினும் நேற்று, அவளுடைய முதல் நாளன்று, ஆட்டோவிலிருந்து இறங்கிய குழந்தையின் நெற்றியில் சந்தனப் பொட்டு இருந்தது. லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் தெருவில் நடந்துகொண்டிருந்த நேரம். எதிர்வீட்டுப் பெண், "அல்லாஹ்வே, ஆலிமுட பேத்திக்குப் பொட்டா?" என்று வேலிக்கு மேலால் கேட்டது என் கெட்ட காதுக்கும் கேட்டது. றிஸ்மியா ஈரத்துணியோடு வந்தாள். எதற்கும் எதிர்த்தறியாத குழந்தை இரண்டு கையாலும் நெற்றியை மூடிக்கொண்டு வீடே அதிரக் கத்தினாள். கடைசியில் அந்தச் சந்தனத்தை அழித்தது தலையணைதான், நாங்கள் அல்லோம்.

உங்கள் வழிபாட்டை நான் இகழவில்லை. அவரவர்க்கு அவரவர் வழி என்பது எங்கள் மறையின் ஆணை. ஆனால் என் வீட்டுக் குழந்தையின் நெற்றி என் பொறுப்பு. இனி இவ்வாறு நடவாது என்று உங்கள் கையெழுத்தில் உறுதி வரவேண்டும். வரும்வரை நப்லா வரமாட்டாள்.

இப்படிக்கு,
மு. முகைதீன்பாவா ஆலிம்


சிவமயம்

பாண்டிருப்பு
06.02.2025

மௌலவி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இவ்வளவு கோபத்திலும் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. என் பதில் அத்தனை சீராக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் கோபித்துக்கொள்ளுங்கள்.

பொட்டு வைத்தது நான்தான். புதிதாக வரும் பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிறுத்தி, நெற்றியில் சந்தனம் வைத்து, தட்டில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து அகரம் எழுதவைத்துத்தான் உள்ளே விடுவேன். நப்லாவின் முறை வந்தபோது என் கை தானாக நின்றது. உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதா? அவளைக் கடந்து அடுத்த பிள்ளைக்குப் போனேன். அவள் ஓடிவந்து அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்றாள். அவளையும் கடந்து போனேன். மறுபடி முன்னால் வந்து, முகத்தை அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை நீட்டினாள். இந்தப் பிள்ளை எதையும் கேட்டதில்லை என்று சேர்க்க வந்த அன்று நீங்களே சொன்னீர்கள். முதல் முதலாக ஒன்றைக் கேட்கிறது. இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு அப்படி நின்றாலும் வராது.

சேர்க்க வந்த அன்று உங்கள் நெற்றியிலும் கறுப்பாக ஓர் அடையாளம் பார்த்தேன், ஐயா. அதை ஈரத்துணி கொண்டு துடைக்க யாரும் வரவில்லையே.

இனி என்னுடைய முறைப்பாடு. நப்லாவின் தண்ணீர்ப் போத்தலில் மஞ்சள் நிறமாக, பன்னீர் வாசத்தோடு ஏதோ இருந்தது. அவள் ஒரு மிடறு குடித்துவிட்டுப் பக்கத்திலிருந்த நிரோசனுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் மிச்சத்தை முடித்துவிட்டான். சீனிமுகம்மது காக்காவிடம் கேட்டேன். "அது ஒண்டுமில்ல டீச்சர், ஆலிம்சா பீங்கான்ல குங்குமப்பூவால எழுதி, கழுவி, ஓதித் தந்திருப்பார். புத்தி வெளிக்கிறத்துக்கு" என்றார். பக்கத்தில் நிரோசனின் தாய் துசாந்தினி நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"ஓதின தண்ணியா? என்ட புள்ளய மதம் மாத்தவா பாக்காங்க?" என்று அவள் கேற்றடியில் நின்று சத்தம் போட்டாள்.

"போகா. தண்ணி குடிச்சு மதம் மாறுறதெண்டா இந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கு நாமெல்லாம் எப்பவோ மாறியிருக்கணும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

என் சந்தனத்துக்கு உறுதிக்கடிதம் கேட்கிறீர்கள். உங்கள் போத்தலுக்கு நான் எதைக் கேட்பது? நான் எதையும் எழுதித் தரமாட்டேன், கேட்கவும் மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். என் மகன் பிரகாஸ் ஐந்து வயதுவரை வாய் திறக்கவில்லை. அவனை எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்கவில்லை என்றுதான் நான் இந்தப் பாடசாலையைத் தொடங்கினேன். இன்று கல்முனைக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறான். வீட்டில் அவன் வாயை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை.

நப்லா இருந்த நீல நாற்காலி சுவரோரம் இருக்கிறது. அதில் வேறு பிள்ளையை இருத்தவில்லை.

சுலோஜனா


மருதமுனை
2025 பெப்ரவரி 13, வியாழன்

மறைவானவற்றின் திறவுகோல்களைத் தன்னிடமே வைத்திருப்பவனுக்கே புகழ் அனைத்தும்.

ஆசிரியை சுலோஜனா அவர்களுக்கு,

முதலில் நான் தலைகுனிய வேண்டிய இடம். அந்த நீரை எழுதிக் கழுவி ஊற்றியவன் நானே. என் மகளுக்கும் தெரியாது. உங்களுக்குச் சொல்லாமல் உங்கள் கூரைக்குள் அனுப்பியது முறையன்று. நிரோசனின் தாயிடம் என் பொருட்டு இதைச் சொல்லுங்கள். குழந்தைகளின் நலம் வேண்டி எழுதப்பட்டதேயன்றி அதில் வேறொன்றும் இல்லை.

இதனால் என் முறைப்பாடு தேய்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். என் நெற்றியைப் பற்றி எழுதினீர்கள். அது இட்டது அன்று, பட்டது. ஐம்பது ஆண்டுகளாகத் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து எடுத்ததால் விழுந்த தழும்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தது உங்கள் துணிச்சல். துணிச்சல் என்று எழுதுவது என் வயதின் பொறுமை.

எங்கள் பள்ளிவாசல் தலைவர் இப்றாஹிம் ஹாஜியார் வந்திருந்தார். "ஆலிம்சா, ஊரு கதைக்குது. நம்மட பிள்ளைக்கு நம்மட இடம் இல்லையா?" என்றார்.

"இருந்தா காட்டுங்க ஹாஜியார். வாய் திறந்தாப் பிறகு கொண்டுவாங்க எண்டு சொன்னது உங்கட மருமகளுட பாலர் பாடசாலைதான்" என்றேன்.

"அது வேற கதை."

"எனக்கு அதுதான் கதை."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஆக, அவருக்கும் நான் பணியவில்லை, உங்களுக்கும் பணியவில்லை. குழந்தை வீட்டில் இருக்கிறாள்.

இப்போது எழுதுவதே இந்தக் கடிதத்தின் காரணம். சில நாட்களாக அவள் சுட்டுவிரலை நெற்றியின் நடுவில் வைத்து அழுத்துகிறாள். காலையில் எழுந்ததும் அப்படிச் செய்கிறாள். சீனிமுகம்மதுவின் ஆட்டோ தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடிப்போய் அப்படிச் செய்கிறாள். ஆட்டோ கடந்து போனதும் அங்கேயே குந்தியிருந்து அழுகிறாள். தலையிடி என்று எண்ணி ஓதி ஊதினேன். றிஸ்மியா தைலம் பூசினாள்; அந்தக் கையைத் தட்டிவிட்டாள். டாக்குத்தரிடம் கொண்டுபோனோம், காய்ச்சலும் இல்லை, கண்ணிலும் குறையில்லை என்றார்.

அன்று உங்கள் இடத்தில் குழந்தை விழுந்தாளா? தலை எங்கேனும் இடிபட்டதா? எதுவாயினும் மறைக்காமல் எழுதுங்கள். கோபத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

மு. முகைதீன்பாவா ஆலிம்


சிவமயம்

பாண்டிருப்பு
15.02.2025

மௌலவி ஐயா,

நப்லா விழவில்லை. எங்கும் இடிபடவில்லை. என் பிள்ளைகள்மீது ஆணை.

உங்கள் கடிதத்தைச் சீனிமுகம்மது காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் கோபித்தாலும் சரி. "வாசல்ல நிண்டு நெத்தியத் தொட்டுக் காட்டுறத நானும் தினமும் பாக்கன் டீச்சர். எனக்கு ஸலாம் சொல்லுறா எண்டு நினைச்சு நானும் கைய உயர்த்திப்போட்டுப் போறன்" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

ஐயா, நீங்கள் மறையும் செய்யுளும் கற்றவர். ஆட்டோச் சத்தம் கேட்டதும் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைக்கு நோவில்லை. பிள்ளை கதைக்கிறது. இங்கே வந்த அன்று அவளுக்கு நடந்த முதல் காரியம் நெற்றியில் ஒரு விரல் பட்டது. அவளுக்கு இந்த இடத்தின் பெயர் அதுதான். நம்பாவிட்டால் ஒன்று செய்யுங்கள். அவளுடைய பையை எடுத்து அவள் முன்னால் வைத்துப் பாருங்கள். வேறு எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

இங்கும் ஒன்று நடந்தது. பாடசாலை இருக்கிற கட்டடம் கோயில் சபையுடையது. சபைத் தலைவர் பாக்கியராசா அண்ணன் துசாந்தினியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சுலோ, அந்தப் புள்ள இனி வராதெண்டு கேள்வி. நல்லதாப் போச்சு. அப்படியே விடு" என்றார்.

"வரும்" என்றேன்.

"வந்தா கட்டடத்த விடவேண்டி வரும்."

"கட்டடம் உங்கட, அண்ணன். பிள்ளையள் என்ட. என்ட வீட்டு வளவுக்குள்ள மாமரம் நிக்கிது. நிழலுக்கு வாடகை இல்ல" என்றேன்.

அவர் துசாந்தினியைப் பார்த்தார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்குத் தெரியாம தண்ணி குடுத்ததுதான் எனக்குக் கோபம். புள்ள வாறதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. இவன் வீட்டயும் அந்தப் புள்ளயத்தான் தேடுறான்" என்றாள். உங்கள் மன்னிப்புத் தனக்கு வந்து சேர்ந்தது என்று உங்களுக்கு எழுதவும் சொன்னாள்.

நீங்கள் கேட்ட உறுதியை இன்னும் நான் எழுதித் தரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

சுலோஜனா


மருதமுனை
2025 பெப்ரவரி 22, சனி

அறியாதவற்றை மனிதனுக்கு அறிவித்துக்கொடுத்தவனைப் புகழ்கிறேன். அவன் யார் வாயால் அறிவிப்பான் என்பதை அவனே தேர்கிறான்.

மகள் சுலோஜனா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னவாறு செய்தேன். அதிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பின் அலுமாரியிலிருந்து பையை எடுத்து, ஒன்றும் பேசாமல் குழந்தையின் முன்னால் வைத்தேன். பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விரலை நெற்றியில் வைத்தாள். பின்பு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசல் கதவை இரண்டு கையாலும் தள்ளினாள். றிஸ்மியா அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "வாப்பா, இவ கேக்கா. போகணும் எண்டு கேக்கா" என்று சொல்லித் தரையில் இருந்துவிட்டாள். எத்தனையோ பேருக்கு அரபு வாக்கியங்களின் உட்பொருளை விரித்துரைத்தவன், என் வீட்டுக்குள் உதித்த முதல் வாக்கியத்துக்குத் தைலம் பூசியிருக்கிறேன்.

நேற்று ஜும்ஆத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை கூடியது. என்னை நடுவில் இருத்தினார்கள். குழந்தையை அங்கே அனுப்பினால், வரும் நோன்பு மாதத்தில் இரவுத் தொழுகைக்குப் பின் நான் செய்துவரும் மார்க்க உரையாகிய பயானை வேறொருவர் செய்வார் என்று இப்றாஹிம் ஹாஜியார் அறிவித்தார்.

நான் கேட்டேன்: "பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளுக்கு, எழுதத் தெரிந்தவன் மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தால் விடுதலை என்று தீர்ப்பளித்தவர் யார்?"

"நபியவர்கள்" என்றார்கள்.

"அந்த ஆசிரியர்கள் எந்த மார்க்கத்தார்?"

சபையில் ஒருவரான அச்சிமுகம்மது மூலையிலிருந்து, "அது பத்ரு, ஆலிம்சா. இது பாண்டிருப்பு" என்றார். சிலர் சிரித்தார்கள்.

"ஓம். அங்க வாளோட வந்தவங்கள நம்பிப் பிள்ளையக் குடுத்தாங்க. இங்க அரிசித் தட்டோட நிக்கிற பொம்பிளைக்குப் பயப்புடுறம்" என்றேன். சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். பிறகு எழுந்து சொன்னேன்: "பயானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கி உங்களுடையது. கடைசி வரிசையில் எனக்கு ஒரு முழ இடம் போதும். என் பேத்திக்கு வாய் உண்டா இல்லையா என்று கேளாமல் இடம் தந்த வாசலுக்கு அவளை நானே கைபிடித்து, பெரிய தெருவால், தலைப்பாகையோடு நடத்திக்கொண்டு போவேன். பார்க்க விரும்புகிறவர்கள் திங்கட்கிழமை காலை பார்க்கலாம்."

இனி உங்களோடு எனக்குள்ள வழக்கு. அதை நான் கைவிடவில்லை. சந்தனத்துக்கு என் உடன்பாடு இல்லை, என்றும் இராது. நப்லாவின் நெற்றியில் அது படக்கூடாது. ஆனால் அவள் நெற்றியை நீட்டினால் இல்லை என்று சொல்ல உங்களுக்கு மனம் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கும் மனம் வரவில்லை. ஆகவே ஒரு வழி. உங்கள் விரலைக் கழுவித் துடைத்துவிட்டு, வெறும் விரலை வையுங்கள். அவள் கேட்பது விரலைத்தான் என்று எண்ணுகிறேன். வெறும் விரலுக்கு எங்கள் மார்க்கத்தில் தடையில்லை. உங்கள் சமயத்தில் இருந்தால் எழுதுங்கள்.

என் பங்குக்கு, போத்தலில் கிணற்றுத் தண்ணீர் மட்டுமே வரும். ஓதுவதை என் வாசலுக்கு உட்புறமே ஓதிக்கொள்வேன்.

எழுத்தில் உறுதி வேண்டாம்.

மு. முகைதீன்பாவா


சிவமயம்

பாண்டிருப்பு
23.02.2025

மௌலவி ஐயா,

வெறும் விரலுக்கு எங்களிடமும் தடையில்லை. மற்றப் பிள்ளைகளுக்குச் சந்தனம் சந்தனம்தான். அதை நீங்கள் வந்து பார்த்துக்கொண்டு நின்றாலும் மாற்றமாட்டேன்.

கட்டடத்தின் பூட்டையும் திறப்பையும் நேற்றே பாக்கியராசா அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவர் கேட்கவில்லை; கேட்கும்வரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. பிரகாஸ் மாமரத்தின் கீழே கூரையாகப் படங்கு கட்டியிருக்கிறான். நாற்காலிகளை அவனும் அவன் கூட்டாளிகளும் தலையில் சுமந்து வந்தார்கள். நீலத்தை முன்வரிசையில் வைக்கச் சொன்னேன்.

பெரிய தெருவால் வந்து தபாற்கந்தோருக்குப் பக்கத்து ஒழுங்கையில் திரும்புங்கள். கேற்றில் நான் நிற்பேன்.

சுலோஜனா


மருதமுனை
2025 பெப்ரவரி 24, திங்கள், மஃரிபுக்குப் பின்

தாழ்ந்து பணியும் நெற்றியை உயர்த்துகிறவனுக்கே புகழ்.

மகள் சுலோஜனாவுக்கு,

காலையில் நடந்ததை நீங்கள் கேற்றில் நின்று பார்த்தீர்கள். வழியில் நடந்ததையும் அறியுங்கள். கடை வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். நான் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. நப்லா எல்லார் முகத்தையும் பார்த்தாள். இப்றாஹிம் ஹாஜியாரின் கடைக்கு முன்னால் நின்று, அவரைப் பார்த்து நெற்றியைத் தொட்டுக் காட்டினாள், நான் எங்கே போகிறேன் தெரியுமா என்பதுபோல. அவர் கண்களைக் கீழே போட்டுக்கொண்டார். சீனிமுகம்மது எங்களுக்குப் பின்னால் வெறும் ஆட்டோவை உருட்டிக்கொண்டே வந்தார். "ஏறுங்க ஆலிம்சா, வெயில்" என்றார். "இண்டைக்கு ஏற மாட்டன்" என்றேன்.

உங்கள் வெறும் விரல் பட்டதும் அவள் நேரே நீல நாற்காலிக்குப் போய் அமர்ந்ததையும் கண்டீர்கள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஆனால் நான் இதை எழுத அமர்ந்தது வேறொன்றுக்காக. சற்று முன் வீட்டில் மஃரிபு தொழுதேன். நெற்றியை நிலத்தில் வைக்கும் கடைசி ஸுஜூதிலிருந்து தலை தூக்கி அமர்ந்தபோது நப்லா தொழுகைப் பாயின் முன்னால் குந்தியிருந்தாள். ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பின்பு எட்டி, தன் சுட்டுவிரலை என் நெற்றித் தழும்பின்மேல் வைத்தாள். அந்த விரலை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள். மறுபடி என்னுடையதில். மறுபடி தன்னுடையதில். சிரித்தாள்.

உங்கள் வரிசையில் ஓடி ஓடி முன்னால் வந்து அவள் நெற்றியை நீட்டியது ஏன் என்று அப்போது அறிந்தேன். மற்றப் பிள்ளைகளைப்போல இருக்க அன்று. உங்கள் விரலால் ஒவ்வொரு நெற்றியிலும் ஓர் அடையாளம் விழுவதைக் கண்டாள். மூத்தாப்பாவுக்கு இருப்பது தனக்கும் கிடைக்கப்போகிறது என்று நம்பினாள். ஈரத்துணி கொண்டு நாங்கள் அவளிடமிருந்து துடைக்கப் பார்த்தது என்னையே.

இட்டது வேறு, பட்டது வேறு என்று உங்களுக்கு எழுதினேன். அந்த வேறுபாட்டை நான் இப்போதும் விடமாட்டேன். மறுமையில் கேட்கப்பட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் என் பேத்தி அன்று கேட்டதை ஏளனம் செய்யாமல், மூன்று முறை நின்று பார்த்த கை உங்களுடையது. அதற்கும் நானே சாட்சி சொல்வேன்.

நோன்பு நெருங்கிவிட்டது. கடைசி வரிசையில் என் இடத்தைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன். நாளையும் நடந்தே வருவோம்.

உங்கள் மாமரத்து நிழல் குறையாதிருக்கட்டும். பிரகாஸின் குரலுக்குக் கடல் நிறைய மீன் தரட்டும். நிரோசனும் அவன் தாயும் நலமே வாழட்டும். இதை வாசிக்கும் கண்ணிலும், வாசிக்கப்படும் வீட்டிலும், அந்த வீட்டின் அடுப்பிலும் கிணற்றிலும், வாய் திறந்தும் திறவாமலும் அதன் வாசலுக்கு வரும் ஒவ்வொரு குழந்தையிலும் இறைவன் தன் அமைதியை இறக்குவானாக. ஆமீன்.

மு. முகைதீன்பாவா
நப்லாவின் மூத்தாப்பா